படம் மங்கலாக இருக்கிறது

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினேழாம் நாள், கார்த்திகை இரண்டு, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், திருவையாற்றுக்குத் தெற்கே குடமுருட்டிக் கரையிலுள்ள தம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடி, எழுபத்தொரு வயது நிரம்பிய விவசாயி துரைராசு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் மதிவாணனிடம் தமக்குப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வேண்டும் என்று கைப்பேசியில் கேட்டார். மகனிடம் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

"படம் மங்கலா இருக்குப்பா."

அடுக்களையில் மோர் கடைந்துகொண்டிருந்த அவர் மனைவி அமிர்தத்தின் கை நின்றது. அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். எந்த வாக்கியம் காதில் விழுந்தாலும் அதன் எழுவாய் எது, பயனிலை எது என்று பார்க்காமல் அவளால் அதை உள்ளே விட முடியாது. கணவர் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. படம் எழுவாய், அது தனக்குரிய பயனிலையோடு முறையாகப் பொருந்தியிருந்தது. ஆனால் எழுவாயின் இடத்தில் உட்கார்ந்திருந்தது தவறான ஆள். அங்கே உட்கார வேண்டியது அவருடைய கண்.

இதை அவள் ஆடி மாதமே அறிந்திருந்தாள். காவிரியில் தண்ணீர் வந்து, வாய்க்கால் வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில், அவர் சொம்பில் ஊற்றிய தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடியது. எதிரே வரும் பேருந்தின் விளக்குக்கு மொபெட்டை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அது கடந்த பிறகே வண்டியை எடுத்தார். தட்டிலிருக்கும் உப்பைத் தேடிச் சோற்றில் விரலால் தடவினார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது: சொம்பு கோணல், பேருந்துக்காரன் திமிர், உப்பு வெள்ளை சோறும் வெள்ளை. தொலைக்காட்சிக்கு மட்டும் காரணங்கள் படிப்படியாக வளர்ந்துவந்தன. முதலில் கேபிள் இணைப்பைக் குறை சொன்னார். கேபிள்காரன் இளவழகன் வந்து, ஏணி வைத்து ஏறி, கம்பியைச் சோதித்துவிட்டு இறங்கினான்.

"ஐயா, சிக்னல் கல்லு மாதிரி இருக்கு. எதிர்வீட்டுல இதே லைன்தான். அவங்க நடிகையோட மூக்குத்தியில எத்தனை கல்லுன்னு எண்ணிச் சொல்றாங்க."

"எதிர்வீட்டுக்காரனுக்கு வேற வேலை இல்ல. நீ பொட்டிய மாத்து."

கேபிள் பெட்டி மாற்றப்பட்டது. பாலாடை படிந்த மாதிரியே இருக்கிறது என்றார். ஆகவே இப்போது தொலைக்காட்சியே குற்றவாளியாகிவிட்டது.

அமிர்தம் முன்பே ஒரு முறை நேராகச் சொல்லிப் பார்த்திருந்தாள். "உங்க கண்ணுல புரை விழுந்திருக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். துரைராசு சிரித்தார். "பாலுக்குத்தான் புரை ஊத்துவாங்க. எங் கண்ணுக்கு யாரு ஊத்துனா, நீயா?" என்றார். அங்கே அவள் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் பழக்கம் விடவில்லை. "பாலுக்கு ஊத்துறது பிரை. கண்ணுல விழறதுதான் புரை. ரெண்டும் வேற வேற" என்று திருத்தினாள். "எங்கம்மா புரைன்னுதான் சொல்லும்" என்றார் அவர். அவருடைய தாயார் சொன்னது பிழை என்று அவள் நிறுவ முற்பட, தயிர் உறைவதைப் பற்றிப் பேச்சு நெடுநேரம் நடந்தது. அந்த ஓர் எழுத்தின் இடைவெளியில் நுழைந்து அவர் தப்பித்துப் போனார் என்பது, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவருடைய அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அவருடைய அண்ணன் சிங்காரவேலுவுக்குக் கண்புரைச் சிகிச்சை நடந்தது. நடந்த மூன்றாம் நாளே அவர் வரப்பின் பக்கங்களைச் செதுக்கி அண்டை வெட்டப் போய், சேற்றுக் கையால் கண்ணைக் கசக்கி, அந்தக் கண்ணை இழந்தார். இழந்தது கண்ணை மட்டுமன்று. அதன் பிறகு அவர் வயலுக்குப் போனால் ஆட்கள் பாதிக் களையைச் சேற்றிலேயே அமுக்கிவிட்டு, "முடிஞ்சுதுங்க பெரியவரே" என்றார்கள். அவர் குனிந்து தடவிப் பார்ப்பதைக் கண்டு அடுத்த வரப்பில் சிரித்தார்கள். துரைராசுவோ, சாலையில் மொபெட்டை நிறுத்தாமலேயே, யாருடைய வயலில் மேலுரம் தவறியது, எந்தத் திட்டில் பூச்சி இறங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரை மருத்துவமனையில் கழற்றி வைத்துவிட்டு வர அவருக்கு மனமில்லை.

மகன் அன்று மாலையே அமிர்தத்தைத் தனியாக அழைத்தான்.

"அம்பத்தஞ்சு இன்ச்சு போட்டுடலாமா? ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வியாழக்கிழமை வீட்டுக்கே வந்துடும்."

"போடாதே."

"ஏம்மா? அப்பா இதுவரைக்கும் என்கிட்ட ஒரு துண்டுகூடக் கேட்டதில்ல. கேட்டும் வாங்கித் தரலைன்னா நான் என்ன புள்ள?"

அவனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த நொடியே அவன் தந்தையை அழைத்து அதட்டுவான்; அவர் "உங்கம்மாவுக்கு வேற வேலை இல்ல" என்று முடித்துவிடுவார்; பிறகு ஓராண்டுக்குக் கண் என்ற சொல்லையே அந்த வீட்டில் எடுக்க முடியாது. புதிய தொலைக்காட்சி வந்தாலோ, வெட்கத்தால் அதைத் தெளிவு என்று ஒப்புக்கொண்டு அதன் முன் உட்கார்ந்திருப்பார்; கண்ணில் புரை முற்றிக்கொண்டே போகும். "நேர்ல பாத்து வாங்குறதுதான் முறை. கடைக்குப் போறோம். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அவள் மனத்தில் ஒரு திட்டம் உருவாகியிருந்தது. தஞ்சாவூரிலேயே மிகப் பெரிய, மிகத் தெளிவான திரையின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்துவது. அதுவும் மங்கலாகத் தெரிந்தால் குற்றத்தைச் சுமத்த வேறு பெட்டி இராது. வாக்கியத்தின் எழுவாயை அவரே மாற்றியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை புறப்படுவதற்கு முன், அடுத்த வயலைக் குத்தகைக்குப் பயிரிடும் ராஜாத்தி ஒரு நெற்பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, என்னன்னு பாருங்க. திட்டுத் திட்டாக் காயுது. தண்ணி பத்தலையா, பூச்சியா?"

துரைராசு பயிரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பின்பு தாழ்த்தினார். இரு விரல்களால் நடுக்குருத்தைப் பற்றி மெல்ல இழுத்தார். அது எதிர்ப்பேயின்றிக் கையோடு வந்தது. அதன் அடியை முகர்ந்தார். "குருத்துப்பூச்சி. இன்னைக்கே மருந்து அடி" என்றார். ராஜாத்தி கைகூப்பாத குறையாகப் போனாள். தீர்ப்பு சரியானதுதான். ஆனால் முன்பெல்லாம் சாலையிலிருந்து கண் சொன்ன தீர்ப்பை இப்போது விரலும் மூக்கும் சொல்லியிருந்தன. ராஜாத்தி அதைக் கவனிக்கவில்லை. அமிர்தம் கவனித்தாள். மஞ்சள் புடைவையின் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு, "நேரமாச்சுங்க" என்றாள்.

இங்கே அமிர்தத்தின் இயல்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிழையான எதற்கும் அவள் ஆமாம் போட்டதில்லை. திருமணமான புதிதில், சம்பந்தி வீட்டார் கூடியிருந்த சபையில், மாமனார் சொன்ன பழமொழியைத் திருத்தியவள். தெருவில் யார் வீட்டுப் பத்திரிகை அச்சாகி வந்தாலும் முதல் படி அவளிடம் வரும். சிவப்பு மையோடு திரும்பிப் போகும். நாள்தோறும் மாலைச் செய்தியில் திரையின் அடியில் ஓடும் வரிகளில் ஒற்றுப் பிழைகளைப் பிடித்துச் சத்தமாகச் சொல்லுவாள். அண்மைக் காலமாக அவள் பிடிப்பது குறைந்திருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் எழுத்தைச் சிறிதாக்கிவிட்டார்கள் என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். மின்விசிறியின் காற்று முதுகில் படுகிறது என்று சொல்லி நாற்காலியையும் சற்று முன்னே நகர்த்திப் போட்டிருந்தாள். "அமிர்தம் டீச்சர் ஆமான்னு சொன்னா அன்னைக்கு மழை பெய்யும்" என்பது தெருவில் வழங்கிய கேலி. அதைத் தொடங்கிவைத்தவர் துரைராசுவேதான்.

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த அந்தக் கடையின் உட்சுவர் முழுவதும் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே காட்சி ஒரே நேரத்தில் ஓடியது. விற்பனைக்கு நின்றிருந்த பர்வின் என்னும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். முக்காட்டைச் செருகிக்கொண்டு, "வாங்கய்யா, வாங்கம்மா. ஃபேன் கீழ உக்காருங்க" என்று இரு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். வீட்டில் இப்போது இருப்பது என்ன, எத்தனை தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று முறையாகக் கேட்டாள். அமிர்தத்துக்கு அவளைப் பிடித்திருந்தது.

"படம் மங்கலா இருக்கும்மா. அதான் விஷயம்" என்றார் துரைராசு.

"பழசுன்னா அப்படித்தான்யா. இதப் பாருங்க, ஃபோர் கே. இலையில நிக்கிற பனித்துளிகூடத் தனித் தனியாத் தெரியும்."

பர்வின் நடுவிலிருந்த பெரிய திரையைக் காட்டினாள். ஓர் ஆள் படுத்தால் கொள்ளும் அகலம். அதில் பச்சை நிறைந்திருந்தது. மலைச் சரிவில் அடுக்கடுக்காக இறங்கும் தேயிலைச் செடிகள். அவற்றின் இடையே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதை. பாதையில் முதுகில் கூடை கட்டிய ஒரு பெண், விரல் நுனியில் கொழுந்தோடு. அவள் வளையலில் பட்ட வெயில் கூட அமிர்தத்துக்குத் தெரிந்தது. உண்மையிலேயே இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். 'இதுவும் மங்கலா இருக்கே' என்று அவர் சொல்ல வேண்டும். அவள் எதிர்பார்த்தது அந்த மூன்று சொற்களை மட்டுமே.

துரைராசு எழுந்தார். வரப்பில் நடக்கும்போது செய்வதுபோல இரு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டு திரையின் அருகே போனார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! சம்பா என்னமா தூர் கட்டியிருக்கு பாரு! நட்டு ஒரு மாசம் இருக்கும். மேலுரம் போட்ட கை தெரியுது. அந்தா, வரப்புல ஆளு நிக்குறான், மடைய அடைக்க வந்தவன்."

குரல் கடை முழுவதும் கேட்டது. குளிர்பெட்டி பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. அந்தக் குடும்பத்தின் தலைவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பர்வின், "ஐயா, அது வந்து..." என்று தொடங்கினாள்.

அமிர்தத்தின் திட்டம் அவள் எண்ணியதைவிட முழுமையாகப் பலித்துவிட்டது. சாட்சி பேசிவிட்டது. இனி அவள் சொல்ல வேண்டியது ஒரே சொல்: தேயிலை. பிழை இருக்கும் இடத்தில் அதைச் சுட்டுவது அவளுக்கு மூச்சு விடுவது போன்றது. ஆனால் துரைராசு திரைக்கு முன்னே நின்ற நிலை, சாலையோரம் மொபெட்டிலிருந்தபடியே ஊர்ப் பயிருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவரின் நிலை. முதுகு நிமிர்ந்திருந்தது. பின்னால் கோத்திருந்த விரல்கள் ஒன்றோடொன்று மகிழ்ச்சியாகத் தட்டிக்கொண்டிருந்தன. நாட்டில் இத்தனை இடம் இருக்க, இந்த இடத்தில், இந்த ஆட்களின் முன்னால், பயிரைப் பற்றி அவரைத் திருத்துவதா? அண்ணன் சிங்காரவேலு குனிந்து சேற்றைத் தடவியபோது அடுத்த வரப்பில் எழுந்த சிரிப்பு அவள் காதில் கேட்டது.

பர்வினை முந்திக்கொண்டு அவள் சொன்னாள்: "ஆமாங்க. நல்ல தூரு."

"ரகம் என்னவா இருக்கும்? பொன்னியா?"

"பொன்னியாத்தான் இருக்கும்."

பர்வின் ஒரு கணம் அமிர்தத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக் கையிலிருந்த கருவியை அழுத்தினாள். பச்சை மறைந்து, எல்லாத் திரைகளிலும் கடல் வந்தது.

துரைராசு கடலைப் பார்க்கவில்லை. அவர் திரும்பி அமிர்தத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் தட்டுவதை நிறுத்தியிருந்தன. "பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்றோம்மா" என்றார்.

"மெதுவா வாங்கய்யா. டி.வி. எங்க ஓடிப் போவுது" என்றாள் பர்வின்.

வெளியே வந்தபோது தூறல் தொடங்கியிருந்தது. திருவையாற்றுப் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. துரைராசு சன்னல் தகட்டை இறக்காமல் வெளியே கையை நீட்டி, உள்ளங்கையில் விழுந்த தண்ணீரைத் தேய்த்துப் பார்த்தார். வடவாற்றுப் பாலம் போனது. கரந்தையில் ஏறிய பூக்காரியின் கூடையிலிருந்து மரிக்கொழுந்து மணம் வந்தது.

"மழை பெய்யுது" என்றார்.

"கார்த்திகையில பெய்யாம எப்பப் பெய்யும்?"

"நான் அதச் சொல்லல." அவர் கையை உள்ளே எடுத்துத் துண்டில் துடைத்தார். "நீ ஆமான்னு சொன்னியே."

அமிர்தம் மடியிலிருந்த கைப்பையின் பிடியைச் சரி செய்தாள்.

"நம்ம கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து பாக்குறேன். மம்பட்டின்னு சொன்னாக்கூட மண்வெட்டின்னு சொல்லித் திருத்துவே. எங்கப்பாவ சபையில வச்சுத் திருத்துனவ நீ. நான் பயிரப் பத்திப் பேசுறேன், நீ ஆமாங்குறே. பொன்னியான்னு கேக்குறேன், அதுக்கும் ஆமாங்குறே. உனக்குப் பொன்னிக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியுமா? தெரியாதுன்னா தெரியாதுன்னுதானே சொல்லுவே?" அவர் குரலில் கோபம் இல்லை. கணக்கைக் கூட்டிப் பார்க்கும் ஒருவரின் நிதானம் இருந்தது. "என்ன இருந்துச்சு அங்க?"

"தேயிலைங்க."

"தேயிலையா?"

"மலையில போட்ட தேயிலை."

வெண்ணாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியது. ஆறு கரை தொட்டுச் செம்மண் நிறத்தில் ஓடியது. அவர் அந்தப் பக்கம்தான் முகத்தை வைத்திருந்தார்.

"அப்ப அந்த வரப்பு?"

"பாதை. நின்னது ஒரு பொம்பளை. கொழுந்து கிள்றா."

"மடைய அடைக்க வந்தவன்னு சொன்னேன்" என்றார் துரைராசு. அவர் தோள் குலுங்கியது. அமிர்தம் பதறித் திரும்பினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு வெட்டாறு வரைக்கும் விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றது. துண்டால் முகம் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு சிரிச்சுதா?"

"இல்ல. கடலைப் போட்டுச்சு."

"நல்ல பொண்ணு."

குடமுருட்டி வருவதற்குச் சற்று முன்னால், நடத்துநர் அவர்களுடைய நிறுத்தத்தின் பெயரைக் கூவிய பிறகு, அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்குக் கண்ணு தெரியல, அமிர்தம்."

அவள் அந்த வாக்கியத்தைக் கேட்டாள். படம் அதில் இல்லை. சொம்பும் பேருந்தும் கேபிளும் இல்லை. எனக்கு என்று தொடங்கியிருந்தது. அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அவள் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை அவர் பிடித்துக்கொள்ள வாகாக நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வீடு வரைக்குமான மண்சாலையில் ஒரு குடைக்குள் நடந்தபோது அவர் கேட்டார்: "அண்ணன் மாதிரி ஆயிட்டா?"

"அவரு மூணாம் நாளே அண்டை வெட்டப் போனாரு. நீங்க போக மாட்டீங்க."

"போனா?"

"மம்பட்டிய ஒளிச்சு வச்சிடுவேன்."

"மண்வெட்டின்னு சொல்லுங்க, டீச்சர்."

அன்று மாலை அவரே மகனை அழைத்து, டி.வி. இப்போது வேண்டாம், முதலில் கண்ணைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மதிவாணன், "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டான். "இருக்கா. ஆனா இத அவ சொல்லல, நாந்தான் சொல்றேன்" என்றார் துரைராசு.

மார்கழி பிறப்பதற்குள் இடக்கண்ணுக்குச் சிகிச்சை முடிந்தது. அமிர்தம் சொட்டு மருந்தின் வேளைகளை அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டினாள், எழுதியபடியே நடத்தினாள். தலைக்குத் தண்ணீர் இல்லை, குனிதல் இல்லை, அடுப்படிப் புகையில் நிற்றல் இல்லை. மண்வெட்டி மெய்யாகவே மறைந்துபோனது. அதைத் தேடி வைக்கோல் போர்வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், "சொன்னதச் செஞ்சுட்டா" என்று கன்றுக்குட்டியிடம் முறையிட்டார்.

நலம் கேட்க வந்த ராஜாத்தி, கருப்புக் கண்ணாடியோடு கூடத்தில் அமர்ந்திருந்தவரைக் கண்டு வாசலிலேயே நின்றாள். "அண்ணன் மந்திரி மாதிரி இருக்கீங்க. மனு கொண்டாந்திருக்கணும் போலிருக்கே."

"மனு உன் கையிலயே இருக்கே. இலைசுருட்டுப் புழு."

ராஜாத்தி கையிலிருந்த பயிரைப் பார்த்தாள். பிறகு தனக்கும் அவருக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தாள். "அடி ஆத்தி!" என்றாள். "நான் இன்னும் உள்ளயே வரலியே!" துரைராசு மீசையைத் தடவிக்கொண்டார். அந்தத் தடவலை அமிர்தம் ஆடி மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள்.

மாலையில் அவர் தொலைக்காட்சியைப் போடச் சொன்னார். அரை மணி நேரம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அமிர்தம் செய்தியை வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் அவளுக்குப் பின்னால், சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இந்தப் பழைய பெட்டி நிரபராதி என்று நிறுவப்படும் இந்த நேரத்தை அவள் பல நாட்களாக எதிர்நோக்கியிருந்தாள். அந்தத் தீர்ப்பை அவர் வாயால் கேட்க அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது.

"எப்படி இருக்குங்க படம்?"

"படத்துக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு." சற்று நேரம் பார்த்தார். "வாசிக்கிற பொண்ணு புடவைக்கு அந்த ரவிக்க சேரல." மேலும் சற்று நேரம் சென்றது. "டீச்சர், கீழ ஓடுறதப் பாத்தீங்களா? 'டெல்டா மாவட்டங்களில் மழைக்கு வாய்பு.' 'வாய்ப்பு'ல ஒரு 'ப்' எங்க போச்சு?"

அமிர்தம் திரையின் அடியைப் பார்த்தாள். வரி ஓடிக்கொண்டிருந்தது. மழை என்ற சொல் வந்தது. அல்லது மழை என்று அவள் நினைத்துக்கொண்ட ஒன்று வந்தது. அதன் பின்னால் வெள்ளையாக ஏதோ தொடர்ந்தது. எழுத்துகளின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இவர்கள் எழுத்தைச் சிறிதாக்கிவிட்டார்கள் என்ற வாக்கியம் அவள் வாய்வரைக்கும் வந்தது. இலக்கணச் சுத்தமான வாக்கியம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் இருந்தன.

அதை அவள் விழுங்கினாள். "ஆமா" என்றாள்.

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. துரைராசு எழுந்து சன்னலருகே போனார். கருப்புக் கண்ணாடியைச் சற்றே உயர்த்தி வெளியே பார்த்தார். தென்னைகளுக்கு மேலே வானம் துடைத்து வைத்த தட்டுப்போல் இருந்தது.

"ஒரு மேகம்கூட இல்லியே, டீச்சர்" என்றார்.

அவள் திரும்பவில்லை. அவர் வந்து நாற்காலியின் முதுகில் கையை வைத்தார். சிவப்புச் சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் நகர்ந்து வந்த தடங்கள், சுவரோரத்திலிருந்து தொலைக்காட்சியை நோக்கி, விட்டு விட்டு நீண்டிருந்தன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"காத்து முதுகுல படுதுன்னு சொன்னே" என்றார்.

"சொன்னேன்."

முடிவு அன்றே எடுக்கப்பட்டு, மதிவாணனுக்குத் தெரிவிக்கப்பட்டது. பொங்கல் கழிந்ததும் துரைராசுவின் வலக்கண்ணுக்குச் சிகிச்சை. அதே நாளில், அதே மருத்துவமனையில், அமிர்தத்தின் இரு கண்களுக்கும் பரிசோதனை. அதுவரை பழைய தொலைக்காட்சி அது மாட்டியிருக்கும் ஆணியிலேயே இருக்கும். புதியது வேண்டுமா என்பதை, இருவரும் சுவரோரத்தில் உட்கார்ந்து, நான்கு கண்களாலும் பார்த்த பிறகு சொல்வார்கள். இதையெல்லாம் கைப்பேசியில் வரிசை பிசகாமல் சொன்னவள் அமிர்தம். சொல்லி முடித்ததும் அவள் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலின் பக்கத்தில் அதன் பழைய இடத்தில் வைத்து, உட்கார்ந்தாள். எதிரே அந்த வெள்ளை வரி ஓடிக்கொண்டே இருந்தது.

"படிங்க" என்றாள்.

துரைராசு தொண்டையைச் செருமிக்கொண்டு, பிழைகளோடு சேர்த்துப் படிக்கத் தொடங்கினார்.